அவைக்குறிப்பில் ஏறிய மன்னிப்பு

சபைனா ரின்னுக்குப் பக்கவாதம் வந்தபோது இடது கையும் இடது காலும் விழுந்துபோயின. நாக்கு மட்டும் தப்பித்துக்கொண்டது. அதுவும் விழுந்திருந்தால் மகள் டிம்ப்னா பிழைத்திருப்பாள். பேச்சு கொஞ்சம் குழறியது, அவ்வளவுதான். குழறிச் சொன்னாலும் வசவு வசவுதானே.

டிம்ப்னா மூத்தவள். கேரிக் ஊரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றானதும் கடையை விட்டாள். அயர்லாந்தின் லீட்ரிம் மலைச்சரிவில் இருந்த பழைய வீட்டுக்கே திரும்பி வந்தாள். ஃபின்டன் என்றொரு லாரிக்காரன் அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்தான். முதல் குளிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டுப் போனான். அடுத்த குளிர்காலத்தில் வரவில்லை.

இளையவன் மலாக்கி பாராளுமன்ற உறுப்பினன், அங்கே சொல்வதுபோல் டி.டி. சுகாதாரத்தைப் பற்றியும், வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றியும் டப்ளினில் அவனைப் போல் பேச ஆளில்லை என்று பெயர். ஆஸ்பத்திரி நடைவழியில் தள்ளுபடுக்கையில் கிடக்கும் கிழவர்களைப் பற்றி அவன் எழுந்து பேசினால் எதிர்வரிசைக்காரர்கள்கூட போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அவன் பேசியதில் பொய் கிடையாது. ஒவ்வொன்றும் நடந்தது. பாதிக்கு மேல் நடந்தது அவன் அம்மாவின் படுக்கையறையில்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தவறாமல் போன் செய்வான்.

"இந்த வாரம் எப்படி?"

டிம்ப்னா கொட்டித் தீர்ப்பாள். சொல்வதற்கு வேறு யாரும் இல்லை. முதுகில் புண் வந்தது, துணி மாற்றக் குனிந்தபோது அம்மா நல்ல கையால் கன்னத்தில் விட்டது, தலைவாரக்கூட நேரமில்லாமல் நான்கு நாள் அதே சட்டையோடு இருந்தது, எல்லாவற்றையும். அவன் குறுக்கே பேசாமல் கேட்பான். அந்த வாரமே அது தொலைக்காட்சியில் வரும்: "என் தொகுதியில் ஒரு பெண்மணி இருக்கிறார். நான்கு நாட்களாகத் தலை வாரவில்லை…"

சபைனா கட்டிலில் சாய்ந்தபடி அதைப் பார்த்துக் கண் கலங்குவாள்.

"பாத்தியாடி? யாரோ ஒரு பொம்பளைக்காக எம்புள்ளை எப்படி உருகுறான் பாரு. உனக்கு இருக்கா அந்த மனசு?"

"அந்தப் பொம்பளை நான்தாம்மா."

"நீயா? உனக்கென்ன கஷ்டம்? என் வீட்டுல இருக்கே, என் அடுப்புல குளிர்காயறே."

பக்கவாதத்தோடு இன்னொன்றும் வந்திருந்தது. சபைனாவின் தொண்டை சரியாக மூடுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது அதற்கென்று இருந்த நிபுணர் மகளையும் மகனையும் நிற்கவைத்துச் சொல்லித்தான் அனுப்பினாள். "தண்ணியா எதுவும் கொடுக்கக் கூடாது. டீ, தண்ணி, சூப்பு எதுவானாலும் இந்தப் பொடியைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்கணும். இல்லேன்னா மூச்சுக்குழல்ல இறங்கிடும். பெருசா இருமக்கூட மாட்டாங்க, உங்களுக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு நாள்ல நுரையீரல்ல சளி கட்டிக் காய்ச்சல் வந்துடும்." மலாக்கி அப்போது கதவருகே போனைக் காதில் வைத்தபடி நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான். போனுக்கு ஆட்டினானா அவளுக்கு ஆட்டினானா என்று டிம்ப்னாவுக்குத் தெரியவில்லை.

வாழ்நாள் முழுக்க ஒரு நாளைக்கு எட்டு கோப்பை டீ குடித்தவள் சபைனா. கறுப்பாக, கொதிக்கக் கொதிக்க. இப்போது கரண்டியை நிறுத்தினால் நிற்கும் பசை வந்தது.

"இது டீயா? கொண்டுபோய் உன் தம்பி போஸ்டரை ஒட்டு."

"அம்மா, டாக்டர் சொல்லியிருக்காங்க."

"டாக்டரு! நீதான்டி ஜெயில்காரி. கழுதை வயசாகியும் ஒருத்தன் சீந்தலை, அந்த ஆத்திரத்தை என் தொண்டையில காட்டுறே."

ஒவ்வொரு நாளும் இதுதான். சில நாள் கெஞ்சுவாள். "ஒரு வாய். ஒரே ஒரு வாய். செத்தா செத்துட்டுப் போறேன்." வசவைவிட அதுதான் டிம்ப்னாவுக்குத் தாங்காது. சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாள்.

ஜூன் மாதத்தில், பராமரிப்பாளர்களுக்கென்று ஒரு வாரம் கொண்டாடுவார்களே, அந்த வாரம் மலாக்கி தொலைக்காட்சிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான்.

அன்று விடிந்ததிலிருந்தே சபைனா படுத்திவிட்டாள். நீலச் சட்டை வேண்டாம், வெள்ளை வேண்டும். வெள்ளையைப் போட்டால் நீலம். புதிதாக மாற்றிய விரிப்பை வேண்டுமென்றே நனைத்தாள். நனைத்துவிட்டு டிம்ப்னாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவளின் தலைக்கு மேலிருந்து சொன்னாள்.

"அந்த லாரிக்காரன் ஏன் ஓடிட்டான்னு தெரியுமா? நான்தான் சொன்னேன். உனக்குள்ள குழந்தை தங்காது, டாக்டர்கிட்ட காட்டியாச்சுன்னேன். மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு."

டிம்ப்னா நிமிர்ந்தாள். "எப்பம்மா சொன்னே?"

"நீ கோழிக்குத் தீனி போடப் போயிருந்தப்ப. நீ போயிட்டா என்னை யாருடி பாப்பா?"

வாசலில் கார் வந்து நின்றது.

மலாக்கி நனைந்த மேலங்கியைக் கழற்றி டிம்ப்னாவின் கையில் கொடுத்துவிட்டு நேராக அம்மாவிடம் போனான். "என் ராணி எப்படியிருக்காங்க?" சபைனாவின் முகம் மலர்ந்தது. கூட வந்திருந்த செய்தியாளர் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு" என்றாள். கேமராக்காரன் விளக்கை நிறுத்தினான். மலாக்கி அம்மாவுக்குத் தலை வாரிவிட்டான். போர்வையைச் சரிசெய்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னான்.

"தினமும் செய்யற மாதிரி, சாதாரணமா ஏதாவது செய்யுங்களேன்" என்றாள் செய்தியாளர்.

"டீ!" என்றாள் சபைனா. "எம்புள்ளை எனக்கு டீ போட்டுத் தருவான்."

"அதுதான் வேணும்" என்றாள் செய்தியாளர். பிறகு டிம்ப்னாவைப் பார்த்து, "நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? உங்க நிழல் கட்டில்மேல விழுது. கேமரா ஓடும்போது பேச்சுக் குரல் கேக்கக் கூடாது, சரியா?"

டிம்ப்னா தள்ளி நின்றாள். முதுகுக்குப் பின்னால் அலமாரி. அதில் பொடி டின். கையை நீட்டினால் எடுத்துவிடலாம்.

மலாக்கி டீயைக் கொண்டுவந்தான். ஆவி பறந்தது. தெளிந்த, தண்ணீரான, கறுப்பு டீ. கட்டில் ஓரம் உட்கார்ந்து கோப்பையைத் தூக்கினான். தூக்கியவன் ஒரு கணம் நிறுத்தி, அறைக்கு இந்தப் பக்கம் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

டிம்ப்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மழையில் ஆடுகள் சுவரோரமாக ஒண்டியிருந்தன. குடிக்கட்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். கோபம்கூட இல்லை. குடிக்கட்டும்.

சபைனா கோப்பை முழுவதையும் குடித்தாள். தாடையில் வழிந்ததை மலாக்கி துடைத்துவிட்டான். இரண்டு முறை தொண்டையைச் செருமினாள், அதோடு சரி. பிறகு தலையணையில் சாய்ந்து, பேரின்பம் கண்டவள் போல் கண்ணை மூடித் திறந்து, மகளைத் தேடிப் பிடித்தாள்.

"கத்துக்கோடி" என்றாள். "இதுக்குப் பேருதான் பாத்துக்கறது."

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. மூச்சில் நீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் படுக்கை காலியில்லை. அவசரப் பிரிவின் நடைவழியில், குடிகாரன் ஒருவனுக்கும் கால் முறிந்த ஒரு பெண்ணுக்கும் நடுவே சபைனாவைத் தள்ளுபடுக்கையிலேயே விட்டார்கள். போகிறவர் வருகிறவர் இடுப்பு அவள் கால்மாட்டில் இடித்துக்கொண்டே போனது.

மலாக்கி டப்ளினிலிருந்து விரைந்து வந்தான். டிம்ப்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்காவது போன் போடேன். ஒரு படுக்கைக்குச் சொல்லேன்."

"நானா? டி.டி. அம்மாவுக்குன்னா குறுக்குவழின்னு நாளைக்கே பேப்பர்ல வரும். இத்தனை வருஷமா நான் பேசினதுக்கு என்ன அர்த்தம்? எல்லாரும் காத்திருக்கிற மாதிரி அம்மாவும் காத்திருக்கட்டும்."

இளவயது டாக்டர் ஒருத்தி ஓட்டமும் நடையுமாக வந்தாள். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"திரவம் உள்ள போயிருக்கு. வீட்டுல யாராவது பொடி கலக்காம ஏதாவது கொடுத்தீங்களா?"

டிம்ப்னா வாயைத் திறந்தாள். மலாக்கி முந்திக்கொண்டான். குரலைத் தாழ்த்தி, மிகுந்த பரிவோடு சொன்னான்.

"கொடுக்கிறது, எடுக்கிறது எல்லாம் அக்காதாங்க. நான் டப்ளின்ல இருக்கேன். அவளைத் திட்டாதீங்க. வருஷக்கணக்கா ஒத்தையா பாத்துக்கிட்டிருக்கா, ரொம்பக் களைச்சுப்போயிருக்கா."

டாக்டர் டிம்ப்னாவின் தோளைத் தொட்டாள். திட்டவில்லை. தாளில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டாள். டிம்ப்னா தம்பியைப் பார்த்தாள். அவன் அம்மாவின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

நடைவழியில் பாராளுமன்ற உறுப்பினரின் தாய் கிடக்கிறாள் என்ற செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. மறுநாள் மதியம் ஆஸ்பத்திரி வாசலில் ஒலிவாங்கிகள் கூடின. மலாக்கி பேசப் போனான்.

சபைனா கண் திறந்தாள். "அவன் எங்கே?"

"வாசல்ல பேட்டி கொடுக்கிறான்."

"கொடுக்கட்டும். கூப்பிடாதே." மூச்சு இழுத்தது. டிம்ப்னா பஞ்சை நனைத்து உதட்டைத் துடைக்கக் குனிந்தாள். சபைனா நல்ல கையால் அவளைத் தள்ளினாள். "நீ அப்பால போ. அவன் வந்தா நிக்க இடம் வேணும்."

மலாக்கி திரும்பி வந்தபோது அம்மாவின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

வீட்டில் கிடத்தி, ஊர் கூடி, ஜெபமாலை சொல்லி, ஹாம் ரொட்டியும் விஸ்கியும் கொடுத்து எல்லாம் முறைப்படி நடந்தது. வந்தவர்கள் மலாக்கியின் கையைப் பிடித்து, "உங்க துக்கத்துல பங்கெடுத்துக்கிறோம்" என்றார்கள். டிம்ப்னாவின் கையை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினார்கள். அடுத்த வீட்டுக்காரி அவளைச் சமையலறையில் தனியே பிடித்து, "மனசுல வெச்சுக்காதே. யாருக்கு வேணுமானாலும் கை தவறலாம்" என்றாள். அப்போதுதான் டிம்ப்னாவுக்குப் புரிந்தது, தம்பி ஏற்கெனவே ஊருக்குச் சொல்லிவிட்டான் என்று. தொலைக்காட்சியில் அஞ்சலியாக அந்தப் படத்தைப் போட்டார்கள். அவன் தலை வாரிவிடும் காட்சி மட்டும் வந்தது. தாடையில் வழிந்தது பார்க்க நன்றாக இல்லை என்று டீ குடித்ததை வெட்டிவிட்டிருந்தார்கள்.

இலையுதிர் காலத்தில் அவை கூடியது. பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சியும், மாதத்தில் சில நாள் ஓய்வும் தரவேண்டும் என்று மலாக்கி ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். மாவட்டம் மாவட்டமாகப் பேருந்து வைத்து அழைத்து வந்த பெண்களோடு டிம்ப்னாவும் மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்தாள். நீ கட்டாயம் வரவேண்டும் என்று மலாக்கி சொல்லியிருந்தான். ஏன் என்று சொல்லவில்லை.

அவன் எழுந்தான். கையில் தாள் இல்லை.

"அவைத் தலைவர் அவர்களே, என் தாயின் மரணத்தைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். பேசாத ஒன்றை நான் இன்று சொல்கிறேன். என் தாய் இறந்தது ஒரு கோப்பை டீயால். கொடுக்கக் கூடாததைக் கொடுத்தார்கள். கொடுத்தவர் கொடியவர் அல்லர். உறக்கமில்லாமல், ஓய்வில்லாமல், உதவிக்கு ஓர் ஆள் இல்லாமல் இந்த நாடு கைவிட்ட ஒரு பெண். களைத்த கை தவறும். அந்தக் கை என் உடன்பிறந்தவளின் கை." அவன் நிமிர்ந்து மேல்மாடத்தைப் பார்த்தான். "டிம்ப்னா, இந்த அவையின் முன்னால் சொல்கிறேன். நான் உன்னை மன்னித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவேண்டியது நாங்கள்தான்."

அத்தனை தலைகளும் மேலே திரும்பின. யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். அவையில் கைதட்டக் கூடாது, தலைவர் தடுக்கவில்லை. அமைச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் எழுந்து, பயிற்சியும் ஓய்வு நாட்களும் வரும் வரவு செலவுத் திட்டத்திலேயே தரப்படும் என்று வாக்குக் கொடுத்தார். சொன்னதெல்லாம் அவைக்குறிப்பில் ஏறியது.

டிம்ப்னாவின் பக்கத்தில் மேயோ மாவட்டத்திலிருந்து வந்த கொரெட்டி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் டிம்ப்னாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு நான் ஒருநாள் மாத்திரையை ரெண்டு தடவை கொடுத்துட்டேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. உன்னாலதான் இன்னைக்குச் சொல்றேன்."

"நான் கொடுக்கலை" என்றாள் டிம்ப்னா.

"அப்படித்தான் இருக்கும், கண்ணு." கொரெட்டி அவள் முதுகைத் தடவினாள். "முதல்ல அப்படித்தான் தோணும். மனசு ஒத்துக்காது. மெதுவா ஒத்துக்கும்."

"கேளுங்க, நான் கொடுக்கலை. அவன்தான் கொடுத்தான்."

கொரெட்டியின் கை நின்றது. அவள் டிம்ப்னாவை ஒரு மாதிரி பார்த்தாள். "உன்னை மன்னிச்ச மனுஷன்மேலயா போடறே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

பிறகு மலாக்கி அவளைப் படிக்கட்டின் கீழ் சந்தித்தான். கழுத்துப்பட்டையைத் தளர்த்தியிருந்தான். முகம் முழுக்க வியர்வை.

"ஜெயிச்சுட்டோம்" என்றான்.

"நீ கொடுத்தே. நீதான்டா கொடுத்தே."

அவன் இரு பக்கமும் பார்த்தான். "மெதுவா."

"பொடி கலக்கணும்னு உனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருந்தேன். போன்ல பேசிட்டிருந்தே, காதுல விழுந்திருக்காதுன்னு. தெரியாம செஞ்சவன் மாட்டிக்கிட்டதும் பயத்துல என்மேல போட்டான்னு நினைச்சேன்."

"விழுந்துது" என்றான் மலாக்கி. "நல்லாவே விழுந்துது. அதனாலதான் கப்பைத் தூக்கினதும் உன்னைப் பாத்தேன். வேணாம்னு ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தா போதும். நீ ஜன்னல்ல ஆட்டைப் பாத்துக்கிட்டு நின்னே."



"தெரிஞ்சா ஏன்டா கொடுத்தே?" என்று கேட்டாள் டிம்ப்னா.

"கேமரா ஓடிக்கிட்டிருந்துது. அந்தக் கொழகொழப்பைக் கரண்டியால ஊட்டுற மாதிரியா என்னைக் காட்டணும்? ஒரு கப்புதானே, என்ன ஆயிடப்போகுதுன்னு நினைச்சேன்." அவன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான். "போய்ச் சொல்லு. அந்த டி.வி. பொண்ணுகிட்ட வெட்டிப்போட்ட படம்கூட இருக்கும். ஆனா அடுத்த கேள்வி என்ன கேப்பாங்கன்னு யோசிச்சுக்கோ. அவன் தெரியாம செஞ்சான்னு என்னை விட்டுடுவாங்க. தினமும் கலக்கிக் கொடுத்தவ, எல்லாம் தெரிஞ்சவ, நாலடி தூரத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தாளேன்னுதான் கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்வே?"

அவள் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. படுத்தால் அந்தக் கேள்விதான் வந்து நின்றது. அவன் கேட்டதைவிட மோசமாக அவளே கேட்டுக்கொண்டாள். லாரிக்காரனைப் பற்றி அம்மா சொல்லாமல் இருந்திருந்தால் டின்னை எடுத்து நீட்டியிருப்பாளா என்று. எடுத்திருப்பேன் என்று சில நாள் தோன்றியது. சில நாள் தோன்றவில்லை.

பராமரிப்பவளுக்கு அரசு கொடுத்துவந்த பணம், பராமரிக்க ஆள் இல்லை என்றானதும் கொஞ்ச நாளில் நின்றது. வீட்டைச் சபைனா மகன் பேருக்கு எழுதிவைத்திருந்தாள். "இருந்துக்கோ, யார் போகச் சொன்னா?" என்றான் மலாக்கி. கேரிக் துணிக்கடையில் பழைய முதலாளி அன்பாகத்தான் பேசினார். "உன் நிலைமையில கல்லாவுல உக்கார வேணாமே, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு" என்றார். கிளினிக்கில் துப்புரவு வேலைக்கு எழுதிப்போட்டாள். நோயாளிகள் இருக்கும் இடம் என்பதால் யோசிக்கவேண்டியிருக்கிறது என்று பதில் வந்தது. யாரும் அவளைக் கொலைகாரி என்று சொல்லவில்லை. எல்லோரும் அவளுக்காக வருத்தப்பட்டார்கள்.

கடைசியில் மலாக்கியே தன் தொகுதி அலுவலகத்தில் வேலை கொடுத்தான். அவன் எவ்வளவு நல்லவன் என்று அதற்கும் ஊர் மெச்சியது.

வேலையில் டிம்ப்னா கெட்டிக்காரியாக இருந்தாள். புலம்பிக்கொண்டு வருகிறவர்களின் கதையைக் கேட்டு, எது அவையில் எடுபடும், எது எடுபடாது என்று பிரித்துக் கொடுத்தாள். அழுகிறவர்களிடம் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தினாள். "இதை அவர் பேசலாமா? பேரு போடமாட்டாரு" என்று கேட்பாள். யாரும் மறுத்ததில்லை. மலாக்கியின் பேச்சு முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அவன் சொன்னபடி பயிற்சியும் வந்தது, ஓய்வு நாட்களும் வந்தன. லீட்ரிம்மில் எத்தனையோ பெண்கள் மாதம் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

தேர்தல் வந்தபோது அவனோடு வீடு வீடாகப் போனாள். கதவைத் திறக்கிறவர்கள் முதலில் அவளைத்தான் பார்ப்பார்கள், பிறகு அவனை. பார்வை மாறுவதை அவன் ஒவ்வொரு வாசலிலும் கவனித்தான். மூன்றாம் நாளிலிருந்து அவளை முன்னே நடக்கவிட்டான்.

டிரம்கீரன் பக்கம் ஒரு வீட்டில் அவள் தனியாகக் கதவைத் தட்டினாள். மலாக்கி தெருமுனையில் யாருடனோ நின்றுவிட்டான். சங்கிலியை எடுக்காமல் ஒரு கிழவி கதவை ஒருக்களித்துப் பார்த்தாள்.

"நீதானே அந்தப் பொண்ணு?"

"ஆமா."

"உன்னை உள்ள விடமாட்டேன். எனக்கும் வயசாச்சு, எனக்குப் பயம். ஆனா உன் தம்பிக்குத்தான் என் ஓட்டு. சாமி மாதிரி மனுஷன். உன்னையே மன்னிச்சானே."

"அது போதும்" என்றாள் டிம்ப்னா. அவன் சிரித்த முகம் போட்ட துண்டறிக்கையை இடுக்கு வழியாக நீட்டினாள். "எட்டு மணிக்கு மேல வாக்குச்சாவடியில கூட்டமா இருக்கும், காலையிலேயே போயிடுங்க. கார் வேணும்னா அனுப்பறோம்."

கதவு மூடியது. அவள் வாயிற்கதவின் கொக்கியைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.